கைநாட்டு வைத்த முளை

என் மேஜையின் மீது ஒரு மரமுளை கிடக்கிறது. முழ நீளம்கூட இராது. ஒரு முனை கூராகச் சீவியது. மறுமுனை சம்மட்டி அடிபட்டுச் சிலும்பிப் போயிருக்கிறது. ஒரு பக்கத்தைத் தட்டையாகச் செதுக்கி, அதில் சிவப்பு வர்ணத்தால் 'மாட்டு வழி' என்று எழுதியிருக்கிறது. எழுத்து என்னுடையது. எழுத்துக்குக் கீழே, அதே சிவப்பில், ஒரு கட்டைவிரலின் ரேகை. அது அக்காவுடையது. வீட்டுக்கு வருகிறவர்கள் காகிதம் பறக்காமல் இருக்க வைத்திருப்பதாக நினைத்துக்கொள்வார்கள். கேட்டால் நானும் ஆமாம் என்பேன். பெரிய பொய் ஒன்றைச் சொல்லி அதற்குப் பலனும் அனுபவித்தவனுக்கு இந்த மாதிரிச் சில்லறைப் பொய்கள் நாக்கில் ஒட்டுவதே இல்லை.

போன மாதம் இந்த முளையை ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு ஆம்பூரில் மோட்டார் பஸ் ஏறினேன். கணவாய்ச் சாலை வழியாக மைசூர் மேட்டுக்குப் போகும் பஸ் அது. மாடுகளோடு ஏறினால் ஒரு முழுப் பகல் பிடித்த மலையை அது ஒரு மணி நேரத்துக்குள் ஏறிவிடுகிறது. அடிவாரத்தில் நட்டிருக்கும் பளிங்குக் கல்லைக் காட்டி, முன்சீட்டில் இருந்த ஒரு புதுப் பெண்மாப்பிள்ளைக்குக் கண்டக்டர் கதை சொல்லிக்கொண்டு வந்தான். ஒரு துரை குதிரை மேல் உட்கார்ந்தபடியே ஒரே நாளில் இந்த மலைச்சாலைக்குக் கோடு போட்டாராம். அவர் போட்ட கோட்டில் ஒரு அடிகூடப் பிசகவில்லையாம். "இன்னா மூளை பாருங்க அவங்களுக்கு" என்றான். மாப்பிள்ளை தலையை ஆட்டினான். நான் பின்சீட்டில் பையை மடியில் வைத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வாயை மூடிக்கொண்டு இருப்பதில் எனக்கு நல்ல பழக்கம் உண்டு.

அந்தக் கோட்டைப் போட்டது துரை அல்ல. நானும் அல்ல. நெற்றியில் வெள்ளைச் சுட்டி வைத்த ஒரு செவலை மாடு போட்டது. அந்த மாட்டுக்கு உரியவள்தான் அக்கா.

எனக்கு அவள் உறவு ஒன்றும் இல்லை. பொதிமாடு ஓட்டிக்கொண்டு வந்த நான்கு ஆண்களும் அவளை அக்கா என்றார்கள்; நானும் அப்படியே கூப்பிட்டேன். அதில் இரண்டு பேர் அவளைவிட வயதில் மூத்தவர்கள். புருஷன் காய்ச்சலில் போன பிறகு மாடுகளை விற்றுவிட்டு அண்ணன் வீட்டுக்குப் போய்விடுவாள் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்களாம். அவளோ மூன்றாம் மாதமே தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, இருபது மாடுகளுக்கும் பொதி ஏற்றிக்கொண்டு, மலை ஏறிவிட்டாள். நான் பார்த்தபோது நாற்பது வயது இருக்கும். நெடிய உடம்பு, வெற்றிலைக் காவி ஏறிய பல், ஆண்பிள்ளைக் கை. அந்தக் கட்டைவிரல் ரேகையைப் பாருங்கள், என் விரலை அதன் மேல் வைத்தால் உள்ளே அடங்கிவிடும்.

அந்த மலைவழி எத்தனை காலத்துப் பழசு என்று யாருக்கும் தெரியாது. கடற்கரை உப்பு அதன் வழியாக மேலே போயிற்று. கேழ்வரகும் கொள்ளும் புளியும் கீழே வந்தன. ராஜாக்களின் படைகள் ஏறி இறங்கியிருக்கின்றன. ஒரு பாறையில் ஏதோ எழுத்து வெட்டியிருந்தது. அதைப் படிக்கத் தெரிந்தவர் எவரும் எங்கள் ஜில்லா போர்டு கச்சேரியில் இல்லை. கருங்கல்லிலேயே மாட்டுக் குளம்பு பதிந்து பதிந்து, உள்ளங்கை ஆழத்துக்குக் குழி விழுந்திருந்தது. தோல் தொழில் பெருகிய பிறகு அந்த வழிக்குப் புதிய சரக்கு சேர்ந்தது. ஆவாரம்பட்டை, கொன்னைப்பட்டை, கடுக்காய். பட்டை இல்லாமல் அன்றைக்குத் தோல் பதமாகாது. ஆம்பூர், வாணியம்பாடித் தோல் ஷாப்புத் தொட்டிகளில் ஊறிய பட்டையில் ஒரு பங்காவது அந்தக் கணவாய் வழியாக, மாட்டு முதுகில்தான் இறங்கியது.

ஜெர்மன் சண்டை முடிந்து மோட்டார் வண்டிகள் அதிகமாகத் தொடங்கிய சமயம். மலை மேல் மோட்டார் ஏறும்படி ஒரு சாலை போட வேண்டும் என்று ஜில்லா போர்டில் தீர்மானம் ஆயிற்று. எனக்கு முன்னால் இருந்த ஓவர்சியர் கருவியெல்லாம் வைத்துப் போட்ட கோடு, பாதி மலையில் போய் ஒரு செங்குத்துப் பாறையில் முட்டிக்கொண்டு நின்றது. என்ஜினீயர் துரை அவரை அனுப்பிவிட்டு என்னை எடுத்தார். தற்காலிக வேலை. கோடு சரியாக வந்தால் நிரந்தரம். இல்லாவிட்டால் வீட்டுக்குப் போகலாம். எனக்கு இருபத்து நாலு வயது; கல்யாணமாகி ஏழு மாதம். வேலூர் லாங் பஜாரில் அப்பாவின் சின்னக் கடைக்குப் பின்னால் வளர்ந்தவன். மலை என்பதைக் கோட்டைக்கு எதிரே நின்று அண்ணாந்து பார்த்ததோடு சரி.

பொதிமாட்டுக்காரர்களிடம் கேட்டுப் பார் என்று யாரோ சொன்னதன் பேரில் ஆம்பூரில் ஒரு தோல் ஷாப்புக்குப் போனேன். முற்றத்தில் பட்டை மூட்டைகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். உள்ளே சுண்ணாம்புத் தொட்டியில் பச்சைத் தோல் ஊறும் நாற்றம். நான் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றேன். மூட்டை மேல் உட்கார்ந்திருந்த அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தாள். வந்த விஷயத்தைச் சொன்னேன். "இன்னா ஓவர்சியரே, இதுக்கே மூக்கப் புடிச்சிகினீங்கன்னா, எங்க மாட்டுக்குப் பின்னால மலை எப்பிடி ஏறுவீங்க?" என்றாள். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் வேலை போய்விடுமே என்ற பயம் கோபத்தைவிடப் பெரிதாக இருந்ததால் நானும் சிரித்துவைத்தேன்.

மலைக்கு வழி கண்டுபிடிக்க அவர்களிடம் ஒரு முறை இருந்தது. முன்னால் போகிற மாட்டுக்கு முழுப் பொதி ஏற்ற வேண்டும். மூக்கணாங்கயிற்றை யாரும் பிடிக்கக் கூடாது. அதட்டக் கூடாது. அது போகிற போக்கில் விட்டுவிட்டுப் பின்னால் நடக்க வேண்டும். "வெறும் மாடுன்னா மனசு போல ஏறிடும். பொதி போட்டு உட்டுப் பாருங்க, எங்க முதுகு வலிக்குதோ அங்க வளைஞ்சிடும்" என்று அக்கா விளக்கினாள். நான் நம்பவில்லை. முதல் நாள் செவலைக்குப் பின்னாலேயே சரிவு பார்க்கும் கருவியை வைத்து வைத்துப் பார்த்தேன். துரை கேட்ட சரிவுக்கு மேல் ஒரு இடத்திலும் போகவில்லை. கீழே வகுப்பறையில் நான் மூன்று வருஷம் படித்த கணக்கை அந்த மாடு முதுகில் வைத்துக்கொண்டு நடந்தது.

அன்றிலிருந்து வேலை சுலபமாயிற்று. செவலை நடக்கும், நான் பத்தடிக்கு ஒரு முளை அடிப்பேன், நோட்டில் அதன் எண்ணை எழுதுவேன். முளைகளையும் அக்காதான் ஏற்பாடு செய்தாள். பட்டை உரித்த கொன்னைக் கட்டை மலையில் சும்மா கிடந்து காயும். அதை வெட்டிச் சீவி, இரண்டாவது மாட்டின் பொதியில் கட்டாகக் கட்டிக் கொண்டுவருவார்கள். ஒரு இடத்தில் மட்டும் எனக்கு வீம்பு வந்தது. செவலை இடப்பக்கம் வளைந்தது. என் கருவியோ நேராகப் போகலாம் என்றது. நேராகவே போவோம் என்றேன். "போய்ட்டு வாங்க ஓவர்சியரே. நாங்க இங்கியே இருக்கோம்" என்று சொல்லிவிட்டு அக்கா வெற்றிலைப் பையைப் பிரித்தாள். கூலியாட்களோடு அரை நாள் முளை அடித்துக்கொண்டு போனேன். கடைசியில் ஒரு பாறையின் விளிம்பில் நின்றேன். எதிரே பாலாறு வரைக்கும் வெறும் காற்று. அடித்த முளைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டு திரும்பி வந்தேன். அவள் வெற்றிலையை நீட்டினாள். அந்த வெற்றிலையைப் போல ருசியாக ஒன்றை நான் பிறகு போட்டதில்லை.

பாதி மலையில் ஒரு சுனை. மாட்டுச்சுனை என்று பெயர். ஏறுகிற மாடும் இறங்குகிற மாடும் அங்கே தண்ணீர் குடித்துவிட்டு, பொதியோடு கொஞ்சம் நின்று மூச்சு வாங்கிக்கொண்டுதான் போகும். நாங்கள் அங்கே போய்ச் சேர்வதற்குள், கீழே கூலிகள் மண் வெட்டத் தொடங்கிவிட்டார்கள். சுனைக்கரையில் நின்று பார்த்தால், நான் அடித்த முளைகளின் வரிசையை அப்படியே பிடித்துக்கொண்டு சிவப்பாகச் சாலை ஏறி வருவது தெரிந்தது. அக்கா நெடுநேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு என்னிடம் வந்தாள். இத்தனை நாளும் அவள் கூலி பேசவில்லை. நான் கேட்டபோதெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிக்கொண்டே வந்தாள். அன்றைக்குத்தான் கேட்டாள்.

"நீங்க முளை அடிச்ச எடமெல்லாம் ரோடாயிடுது. அப்ப எங்க மாட்டுக்கும் ஒரு முளை அடிச்சிக் குடுங்க. சுனையாண்ட தண்ணி குடிக்க எடம் உட்டு, ரோட்டு ஓரமா நாலு முழம் மாடு நடக்க வழி. அதான் எங்க கூலி."

அவள் கண்ணால் கண்டதை வைத்துக் கணக்குப் போட்டிருந்தாள். முளை அடித்தால் அது சட்டம். அதன்படி மலையே நகர்ந்து வழி விடுகிறது. முளைக்குப் பின்னால் ஒரு படம் உண்டு, படத்துக்குப் பின்னால் ஒரு கையெழுத்து உண்டு, அந்தக் கையெழுத்து துரையுடையது, நான் வெறும் முளை அடிக்கிறவன் என்பதை அவளுக்கு யார் சொல்வது? நான்தான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஒரு ஏழைப் பெண்ணின் ஆசை, நிறைவேற்றினால் என்ன குறைந்துவிடும் என்று பெருந்தன்மையாக நினைத்துக்கொண்டேன். அந்தப் பெருந்தன்மையை நினைத்தால் இன்றைக்கும் வாய் கசக்கிறது. ஒரு முளையை எடுத்துச் செதுக்கி வர்ணத்தில் எழுதினேன். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாள். படித்துக் காட்டினேன். பத்திரம் என்றால் கைநாட்டு வேண்டாமா என்று கேட்டு, நான் சிரிக்கும் முன்பே கட்டைவிரலை வர்ணத்தில் தோய்த்து முளையில் பதித்துவிட்டாள். சுனைக்குப் பக்கத்தில் அதை அடித்தேன். செவலையைப் பிடித்து வந்து அதன் நெற்றியை முளையின் தலையில் ஒரு முறை தொடவைத்தாள். விரிஞ்சிபுரத்து வழித்துணை நாதருக்குக் கார்த்திகைக் கடைஞாயிறு அன்று தேங்காய் உடைப்பதாக வேண்டிக்கொண்டாள். ஆண்கள் நான்கு பேரும் என்னைப் பார்த்துக் கும்பிட்டார்கள். நானும் கும்பிட்டேன்.

மூன்று வாரம் கழித்து என்ஜினீயர் துரை பார்வையிட வந்தார். குதிரை மேல்தான் வந்தார். கண்டக்டர் சொன்ன கதையில் அந்தக் குதிரை மட்டும் நிஜம். கோட்டைப் பார்த்து அவருக்கு ஏகப்பட்ட சந்தோஷம். சுனையருகே வந்ததும், வரிசைக்கு வெளியே எண் இல்லாமல் நின்ற அந்த முளையைப் பிரம்பால் சுட்டி, அது என்ன என்று கேட்டார். சொல்வதற்கு அதைவிட நல்ல சமயம் வாய்க்காது. மனிதர் நல்ல மூடில் இருந்தார். மாடு நடக்க ஓரமாக ஒரு வழி வேண்டும் என்று கேட்கிறார்கள் ஐயா என்ற ஒரே வாக்கியம்தான். என் வாயில் வந்தது வேறு. "கூலிகளின் விளையாட்டு, ஐயா" என்றேன். மாட்டுக்குப் பின்னால் போய்க் கோடு போட்டது எங்கே வெளியே வந்துவிடுமோ என்று எனக்கு உதறல். பிடுங்கிப் போடு என்றார். குனிந்து பிடுங்கினேன். துரை அடுத்த வளைவுக்குத் திரும்பியதும் அதைக் கோட்டுப் பைக்குள் செருகிக்கொண்டேன். எறிய மனம் வரவில்லை. திரும்ப நடவோ துணிச்சல் இல்லை. அந்த வாரக் கடைசியில் எனக்கு நிரந்தர உத்தரவு வந்தது. என் மனைவி லாங் பஜாரில் எல்லோருக்கும் சர்க்கரை கொடுத்தாள்.

சாலை திறந்த அன்று அடிவாரத்தில் வாழைமரமும் தோரணமும் கட்டினார்கள். பேண்டு வாத்தியம் வந்தது. அக்கா தன் இருபது மாடுகளுக்கும் கொம்பில் வர்ணம் பூசி, செவலைக்குச் சாமந்தி மாலை போட்டு ஓட்டிக்கொண்டு வந்தாள். முதலில் ஏறுவது தங்கள் மாடுகள்தான் என்று அவள் இயல்பாகவே நினைத்துக்கொண்டிருந்தாள். போலீஸ்காரர்கள் அவற்றைப் புளியந்தோப்புக்குள் ஒதுக்கி நிறுத்தினார்கள். மோட்டார்கள் போன புழுதி அடங்கிய பிறகு, அவள் மாடுகளை ஓட்டிக்கொண்டு ஏறினாள். என்னைத் தாண்டிப் போகும்போது, எங்கே அந்த முளை, சுனையருகே காணோமே என்று கேட்டாள். சாலை முடிந்தால் முளைகளை எடுத்துவிடுவது வழக்கம் என்றேன். அதுவும் உண்மைதான். உண்மையையே வைத்துக்கொண்டு பொய் சொல்லும் வித்தை எனக்கு அதற்குள் கைவந்துவிட்டது.

ஆறு மாதம் போயிற்று. பொதிமாடுகளின் குளம்பு பட்டுச் சாலையோரக் கப்பி பெயர்கிறது, வளைவுகளில் மோட்டாரைக் கண்டு மாடுகள் மிரளுகின்றன என்று புகார்கள் போயின. அடிவாரத்தில் ஒரு பலகை நட்டார்கள்: பொதிமாடுகள் இந்தச் சாலையில் போகக் கூடாது. பழைய வழி எங்கே என்று கேட்டால், அதன் மேல்தான் சாலை படுத்திருக்கிறது. சாலையை விட்டு இறங்கினால் ரிசர்வ் காடு. மேலே ஏறினால் போர்டு பிடிக்கும். கீழே இறங்கினால் காட்டிலாகா பிடிக்கும். அந்தப் பலகையில் எழுத்து எழுதியது நான் இல்லை. ஆனால் எழுதிய பெயிண்டருக்குச் சிவப்பு வர்ணம் எடுத்துக் கொடுத்தது எங்கள் கிடங்கிலிருந்துதான்.

அக்கா பலகையை மதிக்கவில்லை. தனக்கு முளை அடித்துக் கொடுத்திருக்கிறது என்று சேவகனிடம் சொல்லிவிட்டு ஏறினாள். மூன்றாம் முறை மாடுகளைப் பிடித்து அரசாங்கப் பட்டியில் அடைத்தார்கள். விஷயம் தாலுக்கா கச்சேரிக்குப் போயிற்று. விசாரணைக்கு முந்தின நாள் அவள் சுனைக்கரையில் போய் வெறுங்கையால் மண்ணைத் தோண்டித் தேடியிருக்கிறாள். கச்சேரியில் வந்து நின்றபோது நகக்கண்ணெல்லாம் மண். தாசில்தாரிடம், ஓவர்சியர் தன் கையாலேயே எழுதி அடித்துக் கொடுத்தார், தன்னுடைய கைநாட்டும் அதில் இருக்கிறது, அவரைக் கேட்டுப் பாருங்கள் என்றாள். எவ்வளவு நம்பிக்கை! தாசில்தார் என்னைப் பார்த்து, அப்படி ஒரு முளை உண்டா என்று கேட்டார். என் கையில் முளைகளின் எண் எழுதிய நோட்டு இருந்தது. நான் அதைப் புரட்டினேன். எதற்காகப் புரட்டினேன்? அதில் இல்லை என்று எனக்குத் தெரியாதா? "இந்த நோட்டில் அப்படி ஒரு முளை இல்லை" என்றேன்.

"இல்லை என்கிறார் அம்மா" என்று தாசில்தார் திருப்பிச் சொன்னார்.

அவள் என்னைப் பார்த்தாள். திட்டுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நான் பிழைத்திருப்பேன். அவளோ தாசில்தார் பக்கம் திரும்பி, எனக்காக வக்காலத்து வாங்கினாள். "ஆயிரம் முளை அடிச்ச கை, சாமி. அவருக்கு மறந்திருக்கும். அவரு மேல தப்பில்ல" என்றாள்.

அப்போது அந்த முளை வேலூரில், என் வீட்டுத் தகரப் பெட்டியில், என் கல்யாணக் கோட்டுக்கு அடியில் இருந்தது.

பட்டியிலிருந்து மாடுகளை மீட்டாலும் ஓட்டிப் போக வழி இல்லை. வழி இல்லாத பொதிமாட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது? முதுகு தழும்பேறிய மாட்டை உழவுக்கும் யாரும் வாங்குவதில்லை. ஒவ்வொன்றாகக் கசாப்புக்குப் போயின. ஒரு நாள், சாலைக்கு ஜல்லி குத்தகை எடுத்திருந்த முதலாளியைப் பார்க்க அவருடைய தோல் ஷாப்புக்குப் போயிருந்தபோது, உப்புப் போட்டுக் குவித்த பச்சைத் தோல்களை ஒரு மேஸ்திரி ரகம் பிரித்துக்கொண்டிருந்தார். சிவப்புத் தோல் ஒன்றை விரித்தார். நெற்றிப்பக்கம் வெள்ளைச் சுட்டி. "முதுகெல்லாம் பொதித் தழும்பு. கம்மி ரகம்" என்று சொல்லி அதை மூலையில் எறிந்தார். அந்த மலைச்சாலையின் ஒவ்வொரு வளைவும் அந்தத் தழும்பிலிருந்து வந்தது. இப்போது அது கம்மி ரகம். முற்றத்தில் பட்டை மூட்டைகள் நிறைய இருந்தன. ஆனால் அவை மலையிலிருந்து இறங்கியவை அல்ல. கப்பலில் வந்த, 'வாட்டில்' என்ற சீமை மரத்தின் பட்டை. எந்தப் பட்டையை மோட்டாரில் இறக்கலாம் என்று சாலை போட்டார்களோ, அந்தப் பட்டையையே யாரும் கேட்பதில்லை என்று மேஸ்திரி சொன்னார்.

துரை சீமைக்குத் திரும்பும் முன் எங்களுக்கெல்லாம் டீ பார்ட்டி கொடுத்தார். பேச்சுவாக்கில் அந்தப் பொதிமாட்டுக்காரர்களைப் பற்றி விசாரித்தார். நடந்ததைக் கேட்டுவிட்டு, சாலை ஓரமாக நாலு முழம் கூட வெட்டியிருந்தால் போதுமே, பத்து நாள் வேலை, அப்போதே யாராவது சொல்லியிருக்கக் கூடாதா என்றார். கொடுமைக்காரன் என்று அவரை வைத்து நான் இத்தனை நாள் மனதுக்குள் கட்டி வைத்திருந்த சாக்கும் போயிற்று. ஞாயிற்றுக்கிழமைகளில் மாதா கோயிலில் பாவசங்கீர்த்தனம் செய்கிறவன் நான். கோபம், பொறாமை, கெட்ட எண்ணம் என்று எல்லாவற்றையும் சாமியாரிடம் சொல்லியிருக்கிறேன். முளையை மட்டும் சொன்னதில்லை.

அக்கா அந்தச் சாலைக்கே வேலைக்கு வந்தாள். கப்பி உடைக்கிற வேலை. என் செக்ஷன். தினமும் காலையில் பேர் கூப்பிடும்போது "இருக்கேன் ஓவர்சியரே" என்பாள். பொதி ஓட்டிய காலத்துக் குரல்தான். மழைக்குப் பெயரும் சாலைக்கு, தன் மாடுகள் நடக்கக் கூடாத சாலைக்கு, அவள் கல் உடைத்துப் போட்டாள். என்னிடம் பிரியமாகவே பேசுவாள்; என் பிள்ளைகளை விசாரிப்பாள்; நாவல்பழம் பறித்து இலையில் கட்டிக் கொடுப்பாள். நான் அதை வாங்கிக்கொண்டு போய் என் பிள்ளைகளுக்குக் கொடுத்தேன். இப்படி ஒரு வருஷம் இரண்டு வருஷம் அல்ல.

நெமிலிப் பக்கம் எனக்கு மாற்றல் வந்தபோது இனிமேலும் முடியாது என்று தோன்றியது. முளையை எடுத்துக்கொண்டு போனேன். உச்சி வெயில், மற்றவர்கள் கஞ்சி குடிக்கப் போயிருந்தார்கள். அவள் தனியாகக் கல் குவியலருகே உட்கார்ந்திருந்தாள். முளையை நீட்டினேன். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். எழுத்து அவளுக்குத் தெரியாது; ரேகை தெரியும். கட்டைவிரலை அதன் மேல் வைத்துப் பார்த்தாள். சுத்தியல் பட்டுப் பட்டு நகம் போய், விரல் நுனி நசுங்கி, பழைய ரேகைக்குப் பொருந்தாமல் இருந்தது. விரலை எடுத்தாள், திரும்ப வைத்தாள். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். எல்லாம் அவளுக்கு விளங்கிவிட்டது என்று எனக்கும் விளங்கிவிட்டது.

"கச்சேரியில இல்லன்னு சொன்னீங்களே" என்றாள். "இல்லாத முளை எப்பிடி வந்துது?"

அவள் முளையை என் காலடியில் வைத்தாள். "நீங்களே வெச்சிக்குங்க. செவலையே இல்ல, நான் இத எங்க அடிக்கிறது?" என்று சொல்லிவிட்டுச் சுத்தியலை எடுத்தாள். நான் குனிந்து, இரண்டாம் முறையாக, அந்த முளையை எடுத்துக்கொண்டேன். அங்கே நான் வேலை பார்த்த மிச்ச ஒன்பது நாளும் பேர் கூப்பிடும்போது அவள் கையை மட்டும் தூக்கினாள்.

போன மழைக்கு அவள் இறந்துவிட்டதாகச் சாலைக் கூலி ஒருவன் சொன்னான். அதனால்தான் போன மாதம் பஸ் ஏறினேன். சுனைக்கரையில் இறங்கி, அடித்த இடத்திலேயே அதைத் திரும்ப அடித்துவிட்டு வந்துவிடலாம் என்று ஒரு எண்ணம். பையில் ஒரு சின்னச் சுத்தியும் வைத்திருந்தேன். செவலை வளைந்த வளைவுகளில் எல்லாம் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு வளைந்தது. பாதி மலை வந்ததும் எழுந்து, மாட்டுச்சுனையில் நிறுத்தச் சொன்னேன். கண்டக்டர் புரியாமல் பார்த்தான். வெளியே சாலையை அகலப்படுத்திச் சுவர் எழுப்பியிருந்தார்கள். சுவரின் அடியில் ஒரு ஓட்டை வழியாகத் தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. நான் கையை நீட்டிக் காட்டுவதற்குள் பஸ் அதைத் தாண்டிவிட்டது.

"அப்பிடி ஒரு எடம் இந்த ரோட்லயே இல்லியே சார்" என்றான் கண்டக்டர்.

அவன் மேல் தப்பில்லை. நான் உட்கார்ந்துகொண்டேன். மேலே வரைக்கும் போய், அதே பஸ்ஸில் திரும்பி வந்தேன். முளை மேஜை மேல் கிடக்கிறது.